எஸ்ஓ கோப்பு ஏன் வீங்குகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பினாங்கு பாயான் லெப்பாஸில் போர்டு செய்கிற குழுவுக்கும் கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிற குழுவுக்கும் புகார் ஒன்றுதான்: "எஸ்ஓ ஃபைல் ரொம்பப் பெரிசா இருக்கு." எஸ்ஓ என்பது செயலி ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் பகிர்வு நூலகக் கோப்பு. ஒருவருக்கு 16 எம்பி ஃபிளாஷுக்குள் இமேஜ் அடங்கவில்லை. இன்னொருவருக்கு, ப்ரீபெய்டு டேட்டாவில் இருக்கும் பயனர் பதிவிறக்கத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். புகார் ஒன்றானாலும் காரணம் ஒன்றாக இருப்பதில்லை. எடுத்த எடுப்பில் கம்பைலர் ஃப்ளாக்கை மாற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். உண்மையில் அது வரிசையில் மிகவும் பின்னால் வர வேண்டிய வேலை.

இங்கே சொல்வது லினக்ஸ், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும், ஜிசிசி அல்லது கிளாங் பயன்படுத்துவோருக்கும். கட்டளைகளையும் ஃப்ளாக்குகளையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

எல்எஸ் காட்டும் மொத்த அளவை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சைஸ் கட்டளையை -ஏ (பெரிய எழுத்து), -டி ஆகிய ஃப்ளாக்குகளோடு ஓட்டுங்கள். கோப்பில் உள்ள ஒவ்வொரு செக்‌ஷனின் அளவும் பைட் கணக்கில் வரும் (கோடு, தரவு, டீபக் தகவல் என்று கோப்பு பிரிந்திருக்கும் பகுதிகளே இவை). ஃப்ளாக் இல்லாமல் வெறும் சைஸ் ஓட்டினால் டீபக் செக்‌ஷன்கள் கணக்கில் வரவே வராது. 60 எம்பி கோப்பை 4 எம்பி என்று சொல்லிவிடும். இன்னொன்று: .சிம்டேப் (சிம்பல், அதாவது ஃபங்ஷன், மாறி ஆகியவற்றின் அட்டவணை), .ஸ்டிஆர்டேப் (அவற்றின் பெயர்கள்) இரண்டும் இந்தப் பட்டியலில் தெரியாது. அவற்றைப் பார்க்க ரீட்எல்ஃப் -எஸ் -டபிள்யூ (இரண்டும் பெரிய எழுத்து) வேண்டும்.

பட்டியலில் மிகப் பெரிய மூன்று செக்‌ஷன்களைக் குறித்துக்கொண்டு அதற்கான அறிகுறிக்குப் போங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே பட்டியலை எடுத்து வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கு ஃப்ளாக் போட்டால் எது குறைத்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 1: எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிது; .டீபக்_ என்று தொடங்கும் செக்‌ஷன்கள் நிறைய

ஃபைல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். "நாட் ஸ்ட்ரிப்ட்" என்று வந்தால் இதுதான் விஷயம். ஸ்ட்ரிப் என்றால் டீபக் தகவலையும் தேவையற்ற சிம்பல்களையும் வெட்டியெறிவது. டீபக் தகவல் மெமரியில் ஏறாது, வேகத்தைக் குறைக்காது, இடத்தை மட்டும் அடைக்கும்.

### ஸ்ட்ரிப் செய்யவே இல்லை

ஆட்டோடூல்ஸ் பில்டுகள் எதுவும் சொல்லாவிட்டால் -ஜி -ஓ2 என்றுதான் தொகுக்கும். மேக் இன்ஸ்டால் என்பதற்குப் பதில் மேக் இன்ஸ்டால்-ஸ்ட்ரிப் போதும். சிமேக்கில் இன்ஸ்டால் கட்டளையோடு --ஸ்ட்ரிப் சேருங்கள்.

கையால் செய்வதானால் வரிசை முக்கியம். முதலில் ஆப்ஜ்காப்பி --ஒன்லி-கீப்-டீபக் மூலம் டீபக் தகவலைத் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். அடுத்து ஸ்ட்ரிப் --ஸ்ட்ரிப்-அன்நீடட். கடைசியாக ஆப்ஜ்காப்பி --ஆட்-குனு-டீபக்லிங்க் மூலம் இரண்டையும் இணையுங்கள். முதல் படியைத் தாண்டிப் போகிறவர்கள், வாடிக்கையாளரிடமிருந்து கிராஷ் டம்ப் வரும் நாளில் வெறும் முகவரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதே சோர்ஸிலிருந்து மறுபடி பில்டு செய்து பார்க்கலாம் என்பது அந்த நேரத்தில் உதவாது. பில்டு-ஐடியும் (ஒவ்வொரு பில்டுக்குமான அடையாளம்) பெரும்பாலும் பொருந்தாது, முகவரிகளும் நகர்ந்திருக்கும்.

டிஜிட்டல் கையொப்பம் போடுகிற கோப்பாக இருந்தால் ஸ்ட்ரிப் முடிந்த பிறகுதான் கையொப்பம்.

### சிமேக்கில் பில்டு டைப் காலி

சிமேக்_பில்டு_டைப் காலியாக இருந்தால் ஆப்டிமைசேஷன் ஃப்ளாக் எதுவும் போகாது. டீபக் தகவல் இல்லாவிட்டாலும் .டெக்ஸ்ட் (கோடு இருக்கும் பகுதி) பெருத்திருக்கும். ரிலீஸ் என்று வைத்தால் -ஓ3, மின்சைஸ்ரெல் என்று வைத்தால் -ஓஎஸ். இரண்டிலும் என்டீபக் மேக்ரோ சேர்ந்து வருவதால் அசர்ட் வரிகளும் போய்விடும்.

### வேறு கட்டமைப்புக்கான கோப்பு, உங்கள் கணினியின் ஸ்ட்ரிப்

"கோப்பின் ஃபார்மட் தெரியவில்லை" என்ற பொருளில் பிழை வரும். ஏஆர்எம் போர்டுக்கான கோப்பை இன்டெல் கணினியின் ஸ்ட்ரிப்பால் தொட முடியாது. உங்கள் டூல்செயினோடு வந்த ஸ்ட்ரிப்பையோ எல்எல்விஎம்-ஸ்ட்ரிப்பையோ பயன்படுத்துங்கள். பில்டு ஸ்கிரிப்ட் இந்தப் பிழையை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது சகஜம், லாகில் தேடுங்கள்.

### ஆண்ட்ராய்டு: "அனேபிள் டு ஸ்ட்ரிப்" எச்சரிக்கை

ஆண்ட்ராய்டின் பில்டு கருவியான கிரேடில் வழக்கமாகத் தானே ஸ்ட்ரிப் செய்யும். பொருத்தமான என்டிகே (ஆண்ட்ராய்டின் சி/சி++ கருவித் தொகுப்பு) பதிப்பு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் ஓர் எச்சரிக்கை வரியோடு கோப்பை அப்படியே பேக் செய்துவிடும். பில்டு பச்சை நிறத்தில்தான் முடியும். தானாக பில்டு செய்யும் சிஐ சர்வரை மாற்றிய வாரத்தில் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலித் தொகுப்பு) திடீரென்று பெருத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

### இங்கே செய்யக் கூடாதவை

ஸ்டேட்டிக் நூலகத்தின் மீது முழு ஸ்ட்ரிப் ஓட்டினால் அதை லிங்க் செய்ய முடியாமல் போகும். கர்னல் மாட்யூலுக்கு --ஸ்ட்ரிப்-டீபக் மட்டும். செக்‌ஷன் ஹெடரையே வெட்டியெறியும் கருவிகளும் உண்டு. அப்படி வெட்டிய கோப்பை ஆண்ட்ராய்டு 7 முதல் லோடரே ஏற்பதில்லை, மிச்சமாவதோ சில நூறு பைட்டிலிருந்து இரண்டொரு கேபி வரைதான்.

## அறிகுறி 2: ஸ்ட்ரிப் செய்தாயிற்று, இன்னும் பெரிது; .டைன்சிம், .டைன்ஸ்டிஆர் இரண்டும் கனம்

நூலகம் வெளியே காட்டும் சிம்பல்களும் வெளியிலிருந்து கேட்கும் சிம்பல்களும் இந்த இரண்டில்தான் இருக்கும். பெரும்பாலான சி++ நூலகங்களில் உண்மையான கொழுப்பு இங்கேதான். ஸ்ட்ரிப் இவற்றைத் தொடாது, தொடவும் கூடாது. லோடருக்கு இவை வேண்டும்.

சோதனை: என்எம் -டி (பெரிய எழுத்து) --டிஃபைன்ட்-ஒன்லி ஓட்டி வரிகளை எண்ணுங்கள். வெளியே காட்ட வேண்டிய ஃபங்ஷன் 20தான் என்று உங்களுக்குத் தெரியும். பட்டியலில் 10,000 வந்தால் மீதி அத்தனையும் வீண். 64-பிட்டில் ஒவ்வொரு சிம்பலுக்கும் .டைன்சிம்மில் 24 பைட். மேங்கிள் செய்த (டைப் விவரம் சேர்த்து கம்பைலர் நீட்டிய) சி++ பெயர் சராசரியாக 60 எழுத்து என்று வைத்தால், 10,000 பெயருக்கு இரண்டும் சேர்ந்து 840 கேபி. ஹாஷ் டேபிள் இதற்கு மேல்.

அளவு மட்டும் விஷயம் இல்லை. வெளியே தெரிகிற எந்தச் சிம்பலையும் வேறொரு நூலகம் ஓடும் நேரத்தில் மாற்றிவிட எல்ஃப் (லினக்ஸ், ஆண்ட்ராய்டு இரண்டின் பைனரி கோப்பு வடிவம்) முறை இடம் தருகிறது. அதனால் ஜிசிசி அந்த ஃபங்ஷன்களை இன்லைன் செய்யத் தயங்கும், உள்ளுக்குள் நடக்கும் அழைப்பைக்கூட பிஎல்டி (அழைப்புகளுக்கான இடைநிலை டேபிள்) வழியாகச் சுற்றி அனுப்பும், யாருமே கூப்பிடாத ஃபங்ஷனைத் தூக்கி எறியவும் லிங்கருக்குத் துணிவு வராது. அடுத்த அறிகுறிகளுக்குச் சொல்லப்போகும் மருந்துகள் பாதி வேலைதான் செய்கின்றன என்றால், இந்தக் கதவை மூடாமல் அங்கே போனதுதான் காரணம்.

### எளிதானது: லிங்கரிடம் மட்டும் சொல்லுதல்

சோர்ஸைத் தொட வேண்டாம். ஒரு வெர்ஷன் ஸ்கிரிப்ட் எழுதி, குளோபல் என்பதன் கீழ் உங்கள் ஏபிஐ (வெளியே காட்டும் ஃபங்ஷன்கள்) பெயர்களையும் லோக்கல் என்பதன் கீழ் ஒரு நட்சத்திரக் குறியையும் வையுங்கள். -டபிள்யூஎல்,--வெர்ஷன்-ஸ்கிரிப்ட்= என்று கோப்பைக் கொடுங்கள். ஜாவாவிலிருந்து அழைக்கப்படும் ஆண்ட்ராய்டு ஜேஎன்ஐ நூலகம் என்றால் குளோபலில் ஜேஎன்ஐ_ஆன்லோடு, ஜாவா_ என்று தொடங்கும் பெயர்கள், இவை போதும். ரிஜிஸ்டர்நேட்டிவ்ஸ் முறையில் பதிவு செய்கிறீர்கள் என்றால் ஜேஎன்ஐ_ஆன்லோடு ஒன்றே போதும்.

உள்ளே சேர்த்துக்கொண்ட ஸ்டேட்டிக் நூலகங்களின் பெயர்கள்தான் வெளியே கசிகின்றன என்றால் -டபிள்யூஎல்,--எக்ஸ்குளூட்-லிப்ஸ்,ஆல் போடுங்கள். ஓபன்எஸ்எஸ்எல், இசட்லிப் போன்றவற்றை உள்ளே வைத்திருக்கும் எல்லாருக்கும் இது அவசியம். அளவைவிட, வேறு பதிப்பு ஏற்றும் நூலகத்தோடு பெயர் மோதாமல் இருப்பதற்காக.

### முறையானது: கம்பைலரிடமே சொல்லுதல்

-எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன், -எஃப்விசிபிலிட்டி-இன்லைன்ஸ்-ஹிட்டன் இரண்டையும் போட்டுவிட்டு, ஏபிஐ ஃபங்ஷன்களுக்கு மட்டும் டிஃபால்ட் விசிபிலிட்டி அட்ரிபியூட் கொடுங்கள். ஜிசிசி 4.0 காலத்திலிருந்தே, அதாவது 2005 முதல், இருக்கிற வசதி. விண்டோஸுக்கும் பில்டு ஆகிற நூலகம் என்றால் டிஎல்எல்எக்ஸ்போர்ட் மேக்ரோ ஏற்கெனவே இருக்கும். அதே இடத்தில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. வெர்ஷன் ஸ்கிரிப்ட் கோப்பைச் சிறிதாக்கும். இதுவோ கம்பைலர் எழுதும் கோடையே மாற்றும். இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

### மூடிய பிறகு என்ன உடையும்

ஓடும்போது "அன்டிஃபைன்ட் சிம்பல்" வந்தால் டிஎல்சிம் மூலம் பெயர் சொல்லித் தேடப்படும் ஏதோ ஒன்றை மறைத்துவிட்டீர்கள். பட்டியலில் சேருங்கள்.

ஒரு நூலகம் எறிந்த எக்ஸெப்ஷனை இன்னொரு நூலகம் பிடிக்காமல் செயலி டெர்மினேட் ஆகிறது, அல்லது டைனமிக்_காஸ்ட் நல் தருகிறது என்றால், அந்த கிளாஸின் டைப்இன்ஃபோ இரண்டு இடத்தில் தனித்தனியாக இருக்கிறது. எல்லை தாண்டும் எக்ஸெப்ஷன் கிளாஸ்களுக்கும் டிஃபால்ட் விசிபிலிட்டி கொடுங்கள். இந்தப் பிழை சாதாரண டெஸ்டில் அகப்படாது, பிழை நேரும் வழியில் மட்டும் வெளிவரும். அதற்கென்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

### வெளியாளைக் கேட்க வேண்டிய இடம்

நூலகத்தை வெளி நிறுவனங்கள் ஏற்கெனவே லிங்க் செய்துகொண்டிருந்தால் நீங்களாக மூடாதீர்கள். ஆவணத்தில் இல்லாத ஃபங்ஷனையும் யாரோ ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருப்பார். ஏபிஐடிஃப் கருவியால் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, நீங்கிய பெயர்ப் பட்டியலை அவர்களிடம் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். எஸ்ஓநேம் (நூலகப் பெயரோடு வரும் பதிப்பு) எண்ணை ஏற்ற வேண்டுமா என்பதை வெளியீட்டுக்குப் பொறுப்பானவர் முடிவு செய்யட்டும்.

## அறிகுறி 3: யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்கள் உள்ளே கிடக்கின்றன

### ஒரு கோப்பில் ஒன்று தேவை, மொத்தமும் வந்துவிட்டது

தொகுக்கும்போது -எஃப்ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ், -எஃப்டேட்டா-செக்‌ஷன்ஸ். லிங்க் செய்யும்போது -டபிள்யூஎல்,--ஜிசி-செக்‌ஷன்ஸ். முதல் இரண்டை மட்டும் போட்டு மூன்றாவதை மறந்தால் அளவு குறையாது, சில சமயம் சற்று ஏறும். எவை நீக்கப்பட்டன என்று பார்க்க --பிரின்ட்-ஜிசி-செக்‌ஷன்ஸ் சேருங்கள். பட்டியல் கிட்டத்தட்டக் காலியாக வந்தால் அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு பெயரும் வேர் என்று கணக்கிடப்படுவதால் எதையும் வெட்ட முடியவில்லை.

### ஹோல்-ஆர்க்கைவ் ஃப்ளாக்

லிங்க் வரியில் --ஹோல்-ஆர்க்கைவ் இருக்கிறதா என்று தேடுங்கள். யாரோ ஒரு காலத்தில் பிளக்இன் பதிவு வேலை செய்யவில்லை என்று போட்டு, மூடும் --நோ-ஹோல்-ஆர்க்கைவ் இல்லாமல் விட்டிருப்பார். தேவைப்படும் ஒரே நூலகத்தைச் சுற்றி மட்டும் இரண்டையும் வையுங்கள். முழுவதும் எடுத்துவிட்டால் ஸ்டேட்டிக் கன்ஸ்ட்ரக்டர் மூலம் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் பகுதிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

### ஒரே ரன்டைம் பல பிரதிகள்

ஏபிகேயில் ஐந்து எஸ்ஓ, ஐந்தும் சி++_ஸ்டேட்டிக் என்றால் லிப்சி++ (சி++ அடிப்படை நூலகம்) ஐந்து முறை போகிறது. ஒன்றுக்கு மேல் எஸ்ஓ இருந்தால் சி++_ஷேர்ட். ஒன்றே ஒன்று என்றால் ஸ்டேட்டிக்தான் சிறியது.

## அறிகுறி 4: .டெக்ஸ்ட் ஒன்றே பெரிது

யார் தின்கிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். என்எம் --பிரின்ட்-சைஸ் --சைஸ்-சார்ட் -சி (பெரிய எழுத்து) ஓட்டினால் கடைசி 30 வரிகள் கதையைச் சொல்லும். இதை ஸ்ட்ரிப் செய்யாத பிரதியில் ஓட்டுங்கள். கூகுளின் புளோட்டி கருவி இன்னும் வசதி, இரண்டு பில்டுகளுக்கு இடையிலான வித்தியாசத்தையே பட்டியல் போடும்.

பட்டியல் முழுவதும் ஒரே டெம்ப்ளேட்டின் பல வடிவங்கள் என்றால் ஃப்ளாக்கால் பெரிதாக எதுவும் நடக்காது. டைப்பைச் சாராத பகுதியைச் சாதாரண ஃபங்ஷனாக வெளியே எடுக்க வேண்டும். லிங்கர் எல்எல்டி என்றால் --ஐசிஎஃப்=சேஃப் ஒரே மாதிரியான ஃபங்ஷன்களை ஒன்றாக்கும். ஆல் என்று வைத்தால் இன்னும் குறையும், ஆனால் ஃபங்ஷன் முகவரிகளை ஒப்பிடும் கோடு உடையும்.

பட்டியல் பரவலாக இருந்தால்தான் -ஓஎஸ். கிளாங்கிலும் ஜிசிசி 12 முதலும் -ஓஇசட் உண்டு. படம், ஒலி, குறியாக்கம் போன்ற சூடான (அதிகம் ஓடும்) பகுதிகளை -ஓ2-விலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள். மொத்தத்துக்கும் -ஓஇசட் போட்டுவிட்டுப் பிறகு பேட்டரி புகாரை விசாரிப்பது வீண் சுற்று.

எல்டிஓ (லிங்க் நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்வது) அடுத்த படி. -எஃப்எல்டிஓ தொகுக்கும்போதும் லிங்க் செய்யும்போதும் வேண்டும். "பிளக்இன் நீடட் டு ஹேண்டில் எல்டிஓ ஆப்ஜெக்ட்" என்று வந்தால் ஏஆர், ரேன்லிப் இரண்டுக்கும் பதில் ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-ரேன்லிப் வையுங்கள். லிங்க் நேரமும் ரேமும் கூடும். சிறிய சிஐ இயந்திரத்தில் மெமரி தீர்ந்து லிங்கரே கொல்லப்படலாம்.

.இஎச்_ஃபிரேமும் (எக்ஸெப்ஷன் வரும்போது ஸ்டாக்கைப் பின்னோக்கி அவிழ்க்க உதவும் தகவல்) கூடவே பெரிதா? எக்ஸெப்ஷன் எங்குமே பயன்படுத்தாத நூலகத்துக்கு -எஃப்நோ-எக்ஸெப்ஷன்ஸ், -எஃப்நோ-ஆர்டிடிஐ. தூய சி கோடுக்கு -எஃப்நோ-அசிங்க்ரனஸ்-அன்வைண்ட்-டேபிள்ஸ், -எஃப்நோ-அன்வைண்ட்-டேபிள்ஸ். ஆனால் அந்த சி கோடு கூப்பிடும் கால்பேக் ஒரு சி++ எக்ஸெப்ஷனை எறிந்தால் அது நடுவில் முறிந்து செயலி நின்றுவிடும். கிராஷ் ரிப்போர்ட்டில் ஸ்டாக்கும் பாதியோடு நிற்கும். ஃபிளாஷ் உண்மையிலேயே நெருக்கடியாக இருந்தால் மட்டும் தொடுங்கள்.

ரஸ்ட் நூலகம் என்றால் கார்கோ ப்ரொஃபைலில் ஆப்ட்-லெவல் இசட், எல்டிஓ, கோட்ஜென்-யூனிட்ஸ் 1, பேனிக் அபார்ட், ஸ்ட்ரிப். கோ என்றால் எல்டிஃப்ளாக்ஸில் -எஸ் -டபிள்யூ (இரண்டும் சிறிய எழுத்து); ரன்டைம் உள்ளேயே இருப்பதால் அதற்குக் கீழே அதிகம் இறங்காது.

## அறிகுறி 5: .ரோடேட்டா பெரிது

மாறாத தரவு இருக்கும் பகுதி இது. ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். பில்டு சர்வரின் நீளமான பாதைகள் நூற்றுக்கணக்கில் வந்தால் -எஃப்மேக்ரோ-பிரிஃபிக்ஸ்-மேப் கொண்டு சுருக்குங்கள். உள் ஃபோல்டர் பெயர்கள் வெளியே போகாமலும் இருக்கும். லாக் வாக்கியங்கள் வந்தால் ரிலீஸில் அந்த லாக் மட்டத்தை மேக்ரோவிலேயே அணையுங்கள். ஓடும்போது அணைத்தால் வாக்கியம் கோப்பிலேயே கிடக்கும்.

இரண்டுமில்லாமல் ஒரே தொகுதி பெரிதாக இருந்தால் பெரும்பாலும் ஐசியு (மொழி, எழுத்து வேலைகளுக்கான நூலகம்). அதன் முழுத் தரவு 30 எம்பி அளவில் வரும். மலேசியச் சந்தைக்கான செயலிக்கு மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் போதும். உலகத்து மொழிகள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. ஐசியு 64 முதல் (2019) ஒரு ஜேசன் வடிகட்டிக் கோப்பை ஐசியு_டேட்டா_ஃபில்டர்_ஃபைல் என்ற சூழல் மாறி மூலம் கொடுக்கலாம். மொழிவாரி வடிகட்டலில் எம்எஸ், டிஏ, இசட்எச், இஎன் நான்கையும் வையுங்கள். சோர்ஸ் தரவிலிருந்து பில்டு செய்தால்தான் இது வேலை செய்யும். முன்கூட்டியே தொகுத்த தரவுக் கோப்போடு வரும் தொகுப்பில் வடிகட்டி கண்டுகொள்ளப்படாது.

சொல் பிரிக்கும் அகராதிகள் தனி வகை. தமிழிலும் மலாயிலும் இடைவெளி விட்டு எழுதுவதால் அகராதி வேண்டாம். தாய், லாவோ, பர்மிய, கெமர் அகராதிகளை எடுத்துவிடலாம். சீனத்துக்கானதை எடுத்தால் சீன வாசகர் சொல்லை இருமுறை தட்டித் தேர்வு செய்யும்போது ஒவ்வோர் எழுத்தாகத்தான் பிடிக்கும். பழைய எழுத்துக் குறியாக்க மாற்றிகள் அடுத்த பெரிய துண்டு. யூடிஎஃப்-8 மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் நீக்குங்கள். வங்கிக்கோ அரசுத் துறைக்கோ பழைய கோப்பு அனுப்புகிற முறை என்றால் அங்கே கேட்காமல் நீக்க வேண்டாம்.

## அறிகுறி 6: .ரெலா.டைன் பெரிது

64-பிட்டில் ஒவ்வொரு ரீலொக்கேஷனும் (நூலகம் ஏறும்போது ஒரு முகவரியைத் திருத்தச் சொல்லும் பதிவு) 24 பைட். 8 பைட் பாயின்டர் ஒன்றை வைக்கக் கூடுதலாக 24 பைட் கட்டணம். ஸ்ட்ரிங் பாயின்டர்கள் 1,000 கொண்ட ஒரு டேபிள் என்றால் 8 கேபி தரவு, 24 கேபி ரீலொக்கேஷன். வர்ச்சுவல் ஃபங்ஷன் நிறைந்த கிளாஸ்களும் இப்படித்தான்.

லினக்ஸில் -டபிள்யூஎல்,-இசட்,பேக்-ரிலேட்டிவ்-ரீலாக்ஸ், பின்யூட்டில்ஸ் 2.38, ஓடும் இடத்தில் கிளிப்சி 2.36 வேண்டும். பழைய கிளிப்சியில் "டிடி_ரெலர்" என்ற பெயரோடு பதிப்புப் பிழை வந்து லோடு ஆகாது. ஆண்ட்ராய்டில் --பேக்-டைன்-ரீலாக்ஸ்=ஆண்ட்ராய்டு ஏபிஐ 23 முதல், ரெலர் ஏபிஐ 28 முதல். மின்எஸ்டிகே (செயலி ஆதரிக்கும் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு ஏபிஐ) எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இவை எதுவும் முடியாத பழைய போர்டில், பாயின்டர் டேபிளை ஒரே நீளச் சரமும் ஆஃப்செட் எண்களுமாக மாற்றுவதுதான் வழி. எந்த டேபிள் அதிகம் தின்கிறது என்று பார்த்து ஒன்றிரண்டை மட்டும்.

## அறிகுறி 7: இரண்டே ஃபங்ஷன், கோப்பு 15 கேபி

பழுது இல்லை. கோடும் தரவும் தனித்தனிப் பக்கங்களில் விழும்படி லிங்கர் நிரப்பும் வெற்றிடம் அது. எக்ஸ்86 லினக்ஸில் பின்யூட்டில்ஸ் 2.31 முதல் இது இயல்பு. -இசட் நோசெபரேட்-கோட் போட்டால் இறங்கும், பாதுகாப்பு சற்றுத் தளரும். இப்படிச் சின்ன எஸ்ஓ முப்பது இருந்தால் ஒன்றாகச் சேர்ப்பதே நல்லது.

ஆண்ட்ராய்டில் 16 கேபி பக்க அளவுக்காக மாற்றிய பிறகு கோப்பு சற்று ஏறியிருந்தால் அதைத் திருப்பாதீர்கள். ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகளுக்கு, 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோர் அதைக் கேட்கிறது.

## அறிகுறி 8: எஸ்ஓ அதே அளவு, ஏபிகே மட்டும் பெருத்துவிட்டது

பேக்கேஜிங் முறை மாறியிருக்கும். எஸ்ஓவைச் சுருக்காமல் ஏபிகேக்குள் வைத்து அங்கிருந்தே நேரடியாக ஏற்றுவது இப்போதைய இயல்பு. கணினியில் கோப்பு பெரிதாகத் தெரியும். பிளே ஸ்டோர் அனுப்பும்போது சுருக்கித்தான் அனுப்புகிறது, கைப்பேசியில் இரண்டு பிரதி கிடப்பதும் இல்லை. மேலாளர் பார்க்க வேண்டியது பிளே கன்சோல் காட்டும் பதிவிறக்க அளவை.

அதுவும் ஏறியிருந்தால் ஏபிகேயைத் திறந்து எத்தனை கட்டமைப்புகளுக்கான ஃபோல்டர் இருக்கின்றன என்று எண்ணுங்கள். நான்கு கட்டமைப்பும் ஒரே ஏபிகேயில் போனால் நான்கு பிரதி. ஆப் பண்டிலாக ஏற்றினால் ஒவ்வொரு பயனருக்கும் தன்னுடையது மட்டும் போகும்.

போர்டு இமேஜிலும் இதே கண் வேண்டும். ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு முறை ஏற்கெனவே சுருக்குகிறது. எஸ்ஓவில் 300 கேபி வெட்டியது இமேஜில் 100 கேபியாகத் தெரியலாம். இமேஜ் கட்டிப் பார்த்தே கணக்குச் சொல்லுங்கள். யூபிஎக்ஸ் போன்ற பேக்கரை எஸ்ஓவுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்: ஒரே நூலகத்தை ஐந்து ப்ராசஸ் பயன்படுத்தினால் மெமரிப் பக்கங்களைப் பகிர முடியாமல் ஐந்து பிரதி ரேமில் விரியும்.

## எல்லாம் செய்தும் அடங்கவில்லை

பெரிய துண்டு சிப் நிறுவனம் தந்த, சோர்ஸ் இல்லாத ஸ்டேட்டிக் நூலகமா? ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ் போட்டுத் தொகுத்த பிரதியை அவர்களுடைய எஃப்ஏஇயிடம் (வாடிக்கையாளருக்கு உதவும் பொறியாளரிடம்) கேளுங்கள். செக்‌ஷன் பட்டியலையும் பெரிய 30 சிம்பல்களையும் இணைத்து அனுப்பினால் பதில் வேகமாக வரும். "ரொம்பப் பெரிசு" என்று மட்டும் எழுதினால் டேட்டாஷீட்தான் திரும்பி வரும். மூடிய நூலகத்தைத் திறந்து நீங்களே ஆப்ஜெக்ட் கோப்புகளை நீக்குவது உரிம மீறலாக முடியலாம்.

கிராஷ் வந்தும் மேலே சொன்ன எந்த மாற்றத்தால் என்று பிரிக்க முடியவில்லை என்றால் டூல்செயின் தெரிந்தவரை அழைக்கும் நேரம் அது. எல்டிஓவை நிறுத்தினால் பிழை போகிறதா, ஐசிஎஃப்பை நிறுத்தினால் போகிறதா என்ற இரண்டு விடைகளையும், டீபக் கோப்பையும், கம்பைலர், லிங்கர் பதிப்பு எண்களையும் தயாராக வைத்திருங்கள்.

இன்னும் 500 கேபிதான் குறைய வேண்டும், அதற்கு இரண்டு பொறியாளரின் ஒரு மாத வேலை என்று கணக்கு வந்தால், ஹார்ட்வேர் குழுவிடம் 32 எம்பி ஃபிளாஷின் விலையைக் கேளுங்கள். சில ஆயிரம் போர்டு மட்டுமே போகும் பொருளுக்குப் பெரும்பாலும் ஃபிளாஷ்தான் மலிவு. லட்சக்கணக்கில் போகிற பொருளுக்கு விடை வேறாக இருக்கும்.